‘தானா ஓடுது’ என்றால் பதிலாகுமா?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

வங்சா மாஜுவில் வசிக்கிறோம். மகனுக்கு நாலரை வயது. பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது தொடங்கும் ‘ஏன்’, படுக்கும்வரை ஓயாது. எல்.ஆர்.டி. ரயிலில் ஏறினால், “ஏம்மா டிரைவர் இல்ல?” என்பான். “தானா ஓடுது கண்ணா” என்பேன். அடுத்த ஸ்டேஷனில் அதே கேள்வி. பத்துமலைக் குகையில், “மேலேருந்து ஏன் தண்ணி சொட்டுது?” எனக்கே தெரியாது; “அது அப்படித்தான்” என்று முடித்துவிட்டேன். சமைக்கும் நேரத்தில் சில நாள் கத்திவிடுகிறேன், பிறகு மனசு கேட்பதில்லை. “நீதான் இடம் கொடுக்கிற” என்கிறார் கணவர். மூன்று மாதத்துக்கு முன் என் மாமியார் காலமானார். “சாமிகிட்ட தூங்குறாங்க” என்று சொல்லி வைத்திருக்கிறோம். “பாட்டி எப்ப எழுந்திருப்பாங்க?” என்று தினமும் படுக்கையில் கேட்கிறான், பதினோரு மணியானாலும் கண்ணை மூட மாட்டேன் என்கிறான். இத்தனை கேள்வி இயல்புதானா? எப்படிக் குறைப்பது?

— ஒரு தாய், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இயல்புதான். எத்தனை கேள்வி என்று எண்ண வேண்டாம். எந்தக் கேள்வி திரும்பி வருகிறது என்று பாருங்கள். சிறுபிள்ளைகளின் ‘ஏன்’, ‘எப்படி’ கேள்விகளைப் பற்றி 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. காரணம் சொன்னால் பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள், அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். காரணமில்லாத பதில் கிடைத்தபோது அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

ரயில் தானா ஓடுவது அவன் கண்ணுக்கே தெரிகிறது. அவன் கேட்டது எப்படி என்று. “கம்ப்யூட்டர் ஓட்டுது. முன்னால போற ரயில் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியும். அதுக்கேத்த மாதிரி வேகத்தக் கூட்டும், குறைக்கும்.” இந்த வயதுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். பாடம் நடத்தத் தொடங்கினால் கவனம் போய்விடும். இன்னும் வேண்டுமென்றால் அவனே கேட்பான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், “வீட்டுக்குப் போய்ப் பாப்போம்” என்பதையும் சேர்த்து. ஆனால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை அந்த வார்த்தையை நம்ப மாட்டான். பத்துமலை சுண்ணாம்புக்கல் மலை. மழைத்தண்ணீர் வெடிப்புகள் வழியே இறங்கும்போது கல்லைத் துளித்துளியாகக் கரைத்து எடுத்து வருகிறது. சொட்டுகிற இடத்தில் கொஞ்சம் படிந்து, மிக நீண்ட காலத்தில் விழுது போலத் தொங்குகிறது. இதை வீட்டிலேயே காட்டலாம். ஒரு பச்சை முட்டையைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, மூழ்குமளவு வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். ஓட்டில் உடனே குமிழி கிளம்பும். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஓடு மிச்சமிருந்தால் வினிகரை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். கடைசியில் மெல்லிய தோலோடு மெத்தென்று இருக்கும். முட்டை ஓடும் அந்த மலையும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். (தரையில் போட்டால் உடையும். நிச்சயம் போடுவான், தட்டில் வையுங்கள்.)

அடுப்படியில் நிற்கும்போது வரும் கேள்விக்கு “அப்புறம்” என்று சொல்வது பலிக்காது. அவனுக்குக் கடிகாரம் தெரியாது. “சோறு வெந்ததும்” என்று சொல்லுங்கள். ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாளில் அந்தக் கேள்வியை அவனையே படமாக வரையச் சொல்லி, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் அதற்கென்று உட்காருங்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்பதும் நல்லதுதான். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருங்கள். எல்லாக் கேள்விக்கும் அதையே செய்தால் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்வான்.

பதிலைக் காதில் வாங்காமல், அதே சொற்களை அதே தொனியில் நாள் முழுதும் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அப்படியானால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். உங்கள் மகனிடம் அந்த அறிகுறி தெரியவில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாட்டியைப் பற்றி, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தூங்கின பாட்டி எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் அவன் எப்படிக் கண்ணை மூடுவான்?

பகலில், விளையாடி முடித்த நேரத்தில் சொல்லுங்கள்: “பாட்டி தூங்கல, இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாங்க.” ‘இறந்துட்டாங்க’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். “உடம்பு சரியில்லாம போயிட்டாங்க” என்று மட்டும் சொன்னால், அடுத்த காய்ச்சலில் தனக்கும் அதுதான் என்று பயப்படுவான். “நமக்கு வர்ற காய்ச்சல் மாதிரி இல்ல, டாக்டரால சரிபண்ண முடியாத பெரிய நோய்” என்று பிரித்துச் சொல்லுங்கள் (வயோதிகம் காரணமென்றால் அதை). சாமியிடம் போனதாக உங்கள் வீட்டு நம்பிக்கை இருந்தால் அதையும் சொல்லலாம், ஆனால் இதற்குப் பிறகு. “நீயும் செத்துடுவியா?” என்று கட்டாயம் கேட்பான். “அம்மா ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன்னு நினைக்கிறேன். உன்னப் பாத்துக்க அப்பாவும் இருக்காரு” என்பது போதும். சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். பல வாரம் திரும்பத் திரும்பக் கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். ஓரிரு மாதமாகியும் தூக்கம் திரும்பாவிட்டால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். போனது அவருடைய அம்மா. அவர் கண் கலங்கினால் மறைக்க வேண்டியதில்லை. “அப்பா ஏன் அழுறாரு?” என்பான். “அப்பாவுக்குப் பாட்டியத் தேடுது” என்று சொல்லுங்கள்.