கிணற்று நீர் ஆய்வை எங்கே வாசிப்பது, எந்த இதழுக்கு அனுப்புவது?

கேள்வி: கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் விஞ்ஞானப் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக உப்புவெளி முதல் குச்சவெளி வரையுள்ள வீட்டுக் கிணறுகளின் நீர் எவ்வளவு உவர்ப்பாகியிருக்கிறது என்பதை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அளந்தேன். அதற்காகக் குறைந்த செலவில் மின் கடத்துதிறன் மானி ஒன்றையும் ஆர்டுயினோ என்ற சிறிய இலத்திரனியல் பலகையைக் கொண்டு நானே செய்தேன். அறிக்கை இப்போது வளாக நூலகத்தில் இருக்கிறது. அண்மையில் ஒரு சர்வதேச ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 150 டொலர் அனுப்பினால் ஏழு நாட்களில் வெளியிடுவதாகச் சொல்கிறார்கள். கொழும்பு மாநாடுகளுக்குப் போய்வரும் செலவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? — இளம் பட்டதாரி, உப்புவெளி

பதில்: அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் போய்விடும் என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பெரிய காரணம், ஒருமுறை வெளியான கட்டுரையை வேறெந்த நேர்மையான ஆய்விதழும் ஏற்காது என்பதுதான். வெயிலில் கிணறு கிணறாக நடந்து நீங்கள் சேர்த்த அளவீடுகள், எவரும் வாசிக்காத, எந்த மதிப்பாய்வாளரும் கண்ணால் பாராத ஓர் இணையப் பக்கத்தில் முடங்கிவிட்டால், அவற்றை மீட்டு உரிய இடத்தில் வெளியிடுவது ஏறக்குறைய முடியாத காரியம். பின்னர் மேற்படிப்புக்கோ விரிவுரையாளர் பதவிக்கோ விண்ணப்பிக்கும்போது, தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்த இதழின் பெயரைப் பார்த்தவுடனேயே விடயத்தைப் புரிந்துகொள்வார்கள்.

ஏழு நாட்களில் வெளியிடுவதாகச் சொல்வதே போதுமான அடையாளம். ஒரு கட்டுரையை இரண்டு துறைசார்ந்தவர்கள் தங்கள் வேலைகளுக்கிடையே வாசித்துக் குறிப்பு எழுதுவதற்குச் சில வாரங்களாவது செல்லும். பல மாதங்கள் செல்வதும் வழமைதான். ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம் இருப்பதை இத்தகைய இதழ்கள் பெரிதாகக் காட்டுவதுண்டு. அது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் இலக்கம் மட்டுமே, தரத்துக்கான சான்று அல்ல. கட்டுரைக்குக் கொடுக்கப்படும் டி.ஓ.ஐ. இலக்கமும் அப்படித்தான். ஓர் இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும், இம்பக்ட் ஃபாக்டர் என்று அறியப்படும் தாக்கக் காரணியைக் கணித்து வெளியிடுவது கிளாரிவேட் என்ற நிறுவனம். அதே போன்ற பெயர்களோடு வேறு அமைப்புகள் கொடுக்கும் எண்களுக்கு மதிப்பில்லை. ஆய்விதழ்களைச் சுட்டிப்படுத்தும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருப்பதாக ஓர் இதழ் சொன்னால், ஸ்கோபஸ் இலவசமாகத் தரும் இதழ்ப் பட்டியலைத் திறந்து, பெயரைக் கொண்டல்லாமல் அந்த ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையத்தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இது சிறு அளவில் நடக்கும் காரியமும் அல்ல. இந்தியாவின் ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு தொடர்ந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்பளித்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது ஓர் ஆய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் இரண்டு இருக்கின்றன. கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மை ஒன்று, நீங்கள் செய்த மானி மற்றொன்று. ஒரே முடிவைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கட்டுரைகளாக்குவது தவறு. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை, வெவ்வேறு வாசகர்களுக்கு உரியவை. முதலாவதை நீரியலாளரும் சூழலியலாளரும் வாசிப்பார்கள். இரண்டாவதை இலத்திரனியல் பொறியியலாளர் வாசிப்பார். ஒன்றில் மற்றதைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தனித்தனியாக எழுதுவதில் தடையேதும் இல்லை.

முதற்படியாக, ஆய்வுச் சுருக்கம் மட்டும் கேட்கும் உள்நாட்டு அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். 1944ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வு இவற்றுள் முக்கியமானது; வழமையாக ஆண்டின் இறுதியில் நடைபெறும், சுருக்கங்களைப் பல மாதங்களுக்கு முன்னரே கேட்டுவிடுவார்கள். அங்கே பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கிணற்று நீர் பற்றியதை உயிர், புவி விஞ்ஞானங்களுக்கான டி பிரிவுக்கோ இரசாயன விஞ்ஞானங்களுக்கான ஈ-2 பிரிவுக்கோ அனுப்பலாம். மானி பற்றியது பொறியியலுக்கான சி பிரிவுக்குப் பொருந்தும். எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறீர்களோ அந்தத் துறையினரே எதிரில் அமர்ந்து கேள்வி கேட்பார்கள் என்பதால், எவருடைய கேள்வி உங்களுக்குப் பயன்படும் என்று யோசித்து முடிவெடுங்கள். வாசிப்பவருக்கு அங்கத்துவம் வேண்டுமா என்பதையும் அழைப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் வருடாந்த அமர்வு நடத்துகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரோடு நெடுங்காலமாக வேலை செய்துவரும் யாழ்ப்பாண ஆய்வாளர்கள் உங்கள் மணற்கரைக் கிணறுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் மிகப் பயனுள்ளவையாக இருக்கும் என்பதால், செலவை எண்ணி ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியுமென்றால் நான் யாழ்ப்பாணத்தையே சொல்வேன். கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வவுனியாப் பல்கலைக்கழகமும் ஆய்வு மாநாடுகள் நடத்துகின்றன. அவற்றின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

ஆய்வுச் சுருக்கம் எழுதும்போது பெரும்பாலானோர் இடறும் இடத்தைக் காட்டுகிறேன். "நிலாவெளிப் பிரதேசக் கிணற்று நீரின் தரம் ஆராயப்பட்டது. பெறப்பட்ட முடிவுகள் கலந்துரையாடப்படும்" என்று எழுதினால் தெரிவாளருக்கு ஒன்றும் தெரியவராது. எத்தனை கிணறுகள், எந்த மாதங்கள், கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கருவி, கடத்துதிறனின் மிகக் குறைந்த பெறுமானமும் மிகக் கூடிய பெறுமானமும் எவை, தூரம் கூடக்கூட அது எப்படி மாறியது என்பனவெல்லாம் சுருக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்கு உட்பட்ட கிணறுகளில் இத்தனை வீதமானவை, இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 குளோரைட்டுக்கு விதித்துள்ள லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தன" என்று உங்கள் எண்களை இட்டு எழுதக்கூடிய ஒரு வாக்கியம், பின்னணி விளக்கமாக எழுதும் பத்து வாக்கியங்களை விடப் பெறுமதியானது.

குளோரைட்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அளந்தது மின் கடத்துதிறன். நீரில் கரைந்துள்ள அயன்கள் எல்லாவற்றினதும் மொத்த விளைவை அது காட்டுமேயன்றி, உப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. வயலுக்கு இட்ட உரமும் மலசலகூடக் குழியின் கசிவும்கூடக் கடத்துதிறனை உயர்த்தும். ஆகவே கடல் நீர் ஊடுருவியிருக்கிறது என்று முடிவாக எழுதினால், மதிப்பாய்வாளர் முதலில் கை வைப்பது அந்த வாக்கியத்தில்தான். தெரிந்தெடுத்த சில கிணறுகளிலாவது குளோரைட்டையும் நைத்திரேற்றையும் ஆய்வுகூடத்தில் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பின் மூலத்தை இனங்காண உதவும், குளோரைட்டுக்கும் புரோமைட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பெற வசதி கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த கேள்வி பருவகாலம் பற்றியதாக இருக்கும். திருகோணமலைக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான வறட்சியில் மட்டும் எடுத்த அளவீடுகள் ஆண்டின் மோசமான பக்கத்தையே காட்டக்கூடும். மழை முடிந்த கையோடு தை, மாசி மாதங்களில் அதே கிணறுகளை மீண்டும் அளப்பீர்களானால், ஒரு மாணவ அறிக்கையாக இருப்பது ஆய்விதழ்க் கட்டுரையாக உயர்ந்துவிடும். அந்த இரண்டாவது சுற்று அளவீட்டைத் தவறவிடாதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மானியைப் பற்றிய கட்டுரைக்கு வேறு வகையான சான்றுகள் வேண்டும். எவ்வளவு மலிவு என்பதைச் சொல்வதற்கு முன்னர், எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். 25 பாகை செல்சியஸில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் பெறுமானமுள்ள நியமப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் அளவுதிருத்தம் செய்தீர்களா, உவர்ப்புக் கூடிய நீருக்கு இன்னொரு நியமக் கரைசலையும் பயன்படுத்தினீர்களா, ஒவ்வொரு பாகைக்கும் கடத்துதிறன் ஏறத்தாழ 2 வீதம் மாறுவதை எப்படிச் சரிசெய்தீர்கள், ஆய்வுகூட மானியோடு ஒப்பிட்டபோது வழு எவ்வளவு, மின்வாய்களில் படிவு சேரச்சேர வாசிப்பு எவ்வளவு நகர்ந்தது என்பவற்றுக்கு அட்டவணையும் வரைபும் வேண்டும். இவை கையில் இருந்தால், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 2015 முதல் நடத்திவரும் மேர்கொன் பொறியியல் ஆய்வு மாநாட்டுக்கோ, பேராதனைப் பொறியியல் பீடத்தோடு தொடர்புடைய, கைத்தொழில், தகவல் முறைமைகள் பற்றிய ஐசிஐஐஎஸ் மாநாட்டுக்கோ முழுக்கட்டுரையாக அனுப்பலாம். மேர்கொன் கட்டுரைகள் பொறியியல் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான ஐ-ட்ரிப்பிள்-ஈ எக்ஸ்புளோர் தளத்தில் சேர்வதால் உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடி எடுக்க முடியும். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரைக்கு ஓர் ஆசிரியராவது பதிவுசெய்து, நேரில் வந்து வாசிக்க வேண்டும் என்பது இத்தகைய மாநாடுகளின் விதி. வராதவரின் கட்டுரை அத்தளத்தில் சேராமல் போகலாம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வெளியிடும் எஞ்சினியர் என்ற காலாண்டு இதழையும் கவனியுங்கள். நடைமுறைப் பயனுள்ள உள்நாட்டுப் பொறியியல் வேலைக்கு அதில் உரிய வாசகர் இருக்கிறார்கள். கருவியின் அமைப்பில் புதுமை இருப்பதாக நினைத்தால், எங்கும் வாசிப்பதற்கு முன்னரே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முதலில் பகிரங்கப்படுத்திவிட்டால் பல நாடுகளில் அந்த உரிமையைப் பெற முடியாது.

மாநாட்டில் வாசித்தால் பிறகு ஆய்விதழில் வெளியிட முடியாது என்று மாணவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் வெளியாகியிருந்தால், அநேகமாக எந்த இதழும் அதைத் தடையாகக் கொள்வதில்லை. முழுக்கட்டுரையாக வெளியாகியிருந்தால், கணிசமான புதிய அளவீடும் பகுப்பாய்வும் சேர்த்து, முந்தைய வெளியீட்டைத் தெளிவாகக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

கிணற்று நீர்க் கட்டுரைக்கு இதழ் தேடும்போது செலவைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. சர்வதேச இதழ்கள் எல்லாம் ஆசிரியரிடம் பணம் கேட்பவை என்ற எண்ணம் தவறு. சந்தா செலுத்தி வாசிக்கும் முறையில் வெளியாகும் இதழ்களில் கட்டுரை எழுதியவர் பெரும்பாலும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஸ்பிரிங்கர் வெளியிடும் ஹைட்ரோஜியொலொஜி ஜேர்னல், என்வயரன்மென்டல் மொனிற்றரிங் அன்ட் அசெஸ்மென்ட் போன்றவற்றில், எவரும் இலவசமாக வாசிக்கவிடும் திறந்த அணுக்கத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் பெருந்தொகை வரும். ஆகவே ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னர் திரையில் வரும் தெரிவுகளை அவசரப்படாமல் வாசித்து, சந்தா வழியைத் தேர்ந்தெடுங்கள். முழுவதும் திறந்த அணுக்க இதழென்றால், கட்டணக் கழிவோ விலக்கோ உண்டா என்று கட்டுரையை அனுப்புவதற்கு முன்னரே எழுதிக் கேட்கலாம். பல வெளியீட்டாளர்கள் நாட்டின் வருமான நிலையைப் பார்த்து அதைத் தருகிறார்கள். உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் காலாண்டு ஆய்விதழ் சர்வதேசச் சுட்டிகளில் இடம்பெற்றது, தெரிவும் கடுமையானது. பேராதனையின் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் 'விஞ்ஞானம்' என்ற இதழ் ஆகியவையும் பொருத்தமானவை. மன்றம் பராமரிக்கும் இலங்கை இதழ்களின் இணையத் திரட்டில் பழைய இதழ்களை இலவசமாக வாசிக்கலாம். நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் மூன்று நான்காவது எந்த இதழில் வந்திருக்கின்றனவோ, அந்த இதழையே முதலில் நினைத்துப் பாருங்கள்.

இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவை. ஆனால் தங்கள் முற்றத்துக் கிணற்றைத் திறந்துவிட்ட நிலாவெளி, சாம்பல்தீவு வீட்டுக்காரர்கள் அவற்றை வாசிக்கப் போவதில்லை. தேசிய விஞ்ஞான மன்றம் மும்மொழியிலும் வெளியிடும் விதுரவ சஞ்சிகைக்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுதுங்கள். கிணற்றுச் சொந்தக்காரரின் பெயரோ வீட்டைக் காட்டிக்கொடுக்கும் சரியான ஆள்கூறுகளோ எந்த வெளியீட்டிலும் இடம்பெறக் கூடாது; வரைபடத்தில் இடத்தைச் சற்றுப் பெயர்த்துக் குறிப்பது வழக்கம்.

அனுப்புவதற்கு முன்னர் உங்கள் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, எவரெவர் பெயர், எந்த ஒழுங்கில் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அளவீட்டில் உதவிய நண்பர் கட்டுரையின் சிந்தனையிலோ எழுத்திலோ பங்குபற்றவில்லையென்றால் அவருக்கு நன்றியுரையில் இடம் கொடுப்பதே முறை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தும் எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறிவிடுவதால், ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும், 16 இலக்கங்கள் கொண்ட ஓர்கிட் அடையாளத்தை இலவசமாகப் பெற்று எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

கட்டுரை திருத்தங்களோடு திரும்பி வந்தால் அதை நிராகரிப்பு என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். திருத்தம் கேட்பது ஆசிரியர் குழு இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதற்கான அறிகுறி. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே பிரதிசெய்து, அதன் கீழே நீங்கள் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்பதை எழுதுங்கள். உடன்படாத இடத்தில் மரியாதையோடு காரணம் சொல்லலாம்; அளவீட்டைக் காட்டிச் சொல்லும் மறுப்பை ஆசிரியர்கள் மதிப்பார்கள். கொடுத்த தவணைக்குள் முடியாதென்று தெரிந்தால், தவணை முடிவதற்கு முன்னரே எழுதி நீடிப்புக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.