ரூட் கனால் செய்த பல் மறுபடி வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38, ஊர் களுவாஞ்சிக்குடி. இரண்டு வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் செய்தேன். இப்போது கடித்தால் வலிக்கிறது. முரசில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து வந்து போகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் நிழல் தெரிகிறதாம். மட்டக்களப்பில் பார்த்த பல் வைத்தியர், திறந்து மறுபடி கழுவ வேண்டும், இரண்டு மூன்று தடவை வர வேண்டும் என்கிறார். குளோறின் மருந்தால் கழுவுவாராம். அது ஆபத்தில்லையா? அன்ரிபயோட்டிக் போட்டால் போதாதா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போதாது. நரம்பும் இரத்தக் குழாயும் எடுத்த பல்லின் உள்ளே இரத்தம் ஓடுவதில்லை. நீங்கள் விழுங்கும் குளிசை அங்கே போய்ச் சேர வழியில்லை. கொப்புளம் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் திரும்பவும் வரும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் வேருக்குள் மிஞ்சி நிற்கும் கிருமிதான். அது இருக்கிற இடத்துக்கே மருந்து போக வேண்டும்.

அந்த இடம் நாம் நினைப்பதுபோல் நேரான குழாய் அல்ல. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்குள் நரம்பு ஓடும் கால்வாய்கள் பெரும்பாலும் மூன்று இருக்கும், சிலருக்கு நான்கு. முன்வேரில் உள்ள இரண்டு கால்வாய்களுக்கு நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று ஓடும். பக்கக் கிளைகளும் உண்டு. வைத்தியர் உள்ளே விட்டுச் சுரண்டும் பைல் என்ற ஊசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான பகுதியை அது தொடுவதே இல்லை என்பதை நுண் சிடி ஸ்கான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பைலின் வேலை பாதை திறப்பதுதான். சுத்தம் செய்வது கழுவும் திரவம். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, “எத்தனை ஊசி விட்டுச் சுரண்டினார்” என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்தத் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். வெள்ளம் வடிந்ததும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோறின் போடுகிறாரே, அதே குடும்பத்து மருந்துதான். பல்லுக்குப் பாவிப்பது பொதுவாக 1 முதல் 5 வீதம் வரையான கரைசல். கிருமியைக் கொல்வதோடு, உள்ளே செத்துக் கிடக்கும் சதையையும் கரைத்துவிடும். இந்த இரண்டாவது வேலையை மற்றக் கழுவு மருந்துகள் செய்யாததால்தான் இன்னும் இதற்கு முதலிடம். சுரண்டும்போது சுவரில் ஒட்டும் தூள்படலத்தை இது நீக்காது. அதற்கு 17 வீத ஈடிடிஏ கரைசலைக் கடைசியில் ஒரு நிமிடம் அளவில் விடுவார்கள். குளோர்ஹெக்சிடீன் என்று இன்னொன்று உண்டு. அதையும் ஹைப்போகுளோரைட்டையும் இடையில் கழுவாமல் அடுத்தடுத்து விட்டால் பழுப்பு நிறப் படிவு உண்டாகிக் கால்வாயை அடைக்கும்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். பல்லுக்குள்ளேயே நின்றால் பயமில்லை. வேர் நுனியைத் தாண்டிப் போனால் கடும் வலி, வீக்கம், முகத்தில் இரத்தக் கண்டல் எல்லாம் வரும். அபூர்வம்தான், ஆனாலும் அதற்காகவே பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை, நுனிக்கு ஓரிரு மில்லிமீற்றர் முன்னே நிறுத்தி, இறுக்காமல் மெல்ல விடுவார்கள். பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்பும் போடுவார்கள். மருந்து தொண்டைக்குப் போகாது, எச்சில் பல்லுக்குள் வராது. மூச்சு முட்டுமோ என்று அதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. நீங்கள் சொல்லாதீர்கள்! அது இல்லாமல் செய்யும் ரூட் கனாலை நான் அரைவேலை என்றே சொல்வேன். நல்ல சாரி உடுத்துப் போகவும் வேண்டாம், ஒரு துளி பட்டாலே நிறம் போய்விடும்.

சில இடங்களில் அல்ட்ராசோனிக் முனையால் திரவத்தை அதிரவைப்பார்கள், நொடிக்கு 25,000 தடவைக்கு மேல். நான் சொன்ன இடுக்குக்குள் மருந்து இறங்க அது உதவுகிறது. ஆனால் அதனால் வேர் நுனியில் தெரியும் நிழல், அதாவது கிருமியால் எலும்பு கரைந்த இடம், ஆறுவதும் கூடுகிறது என்று இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. இருந்தால் நல்லது. அது இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல வைத்தியரை விட்டுப் போக வேண்டாம்.

இரண்டு மூன்று தடவை வரச் சொல்வது பணத்துக்காக என்று நினைக்காதீர்கள். உங்கள் பல்லில் பழைய அடைப்பை எடுக்கவே நேரம் போகும். பிறகு கல்சியம் ஹைட்ரொக்சைட் பசையை ஓரிரு கிழமை உள்ளே வைப்பார்கள். பழைய ரூட் கனால்களில் அடிக்கடி காணும் என்டெரோகொக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி அந்தப் பசைக்கும் தாக்குப்பிடிக்கக் கூடியது. அதனால்தான் கழுவுவதில் இவ்வளவு பிடிவாதம்.

போகும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். பல்லில் நெடுக்கு வெடிப்பு இருக்கிறதா, முதல்முறை விடுபட்ட கால்வாய் உண்டா என்று கேளுங்கள். வெடிப்பு இருந்தால் எவ்வளவு கழுவியும் பயனில்லை, பிடுங்குவதே சரி. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள், ஓரத்தால் எச்சில் கசிந்து எல்லா வேலையும் வீணாகும். முடிந்ததும் கிரவுண், அதாவது பல்லை மூடும் உறை, போடுங்கள். நிழல் முழுதாக மறைய ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

இடையில் தாடை வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் அடுத்த திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.