ஊற்றுக்குக் காசா, ஊற்றின் கதைக்குக் காசா?

கேள்வி: பாரிஸில் இருக்கிறோம். மாமி வித்தெல் போத்தல் தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டார். "நூற்றைம்பது வருசத்துக்கு மேலான ஊற்று, சுற்றிலும் பூச்சிமருந்தே அடிக்க விடமாட்டார்கள்" என்பார். மகளோ பேப்பரில் வந்த வழக்கைக் காட்டி, எல்லாம் ஏமாற்று, குழாய்த் தண்ணீரே போதும் என்கிறாள். ஆறு போத்தல் கட்டை மூன்றாம் மாடிக்குத் தூக்குவது நான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாமி சொல்வதில் பொய் இல்லை. பிரான்ஸின் கிழக்கே, வோஜ் மாவட்டத்தில் இருக்கிறது வித்தெல் ஊர். 1854இல் லூயி புலூமியே என்ற வக்கீல் அங்கே ஓர் ஊற்றை விலைக்கு வாங்கினார். வைத்தியக் குளியலுக்கு ஆட்கள் வந்து ஊர் பெருகியது. பாரிஸ் ஓபெரா மாளிகையை வடிவமைத்த ஷார்ல் கார்னியே இங்கேயும் குளியல் மண்டபம் கட்டிக் கொடுத்தார். பெருமைதான். ஆனால் ஊற்றுக்கு வயதாகிவிட்டது என்பதற்காகத் தண்ணீர் சுத்தமாகிவிடாது.

பூச்சிமருந்துக் கதைதான் சுவாரசியமானது. 1980களில் அந்தச் சுற்றுவட்டார மாட்டுப்பண்ணைக்காரர்கள் புல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். உரமும் எருவும் மண்ணில் இறங்க, நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. வடிகட்டிவிட்டால் போச்சு என்பீர்கள். அதுதான் முடியாது. லேபிளில் 'இயற்கை மினரல் நீர்' என்று போட வேண்டுமானால், ஐரோப்பியச் சட்டப்படி அது பூமிக்கடியில் இருக்கும்போதே சுத்தமாக இருக்க வேண்டும். இரும்பு, மாங்கனீசு போன்ற ஒருசிலவற்றை நீக்கலாம், கிருமிநீக்கம் கூடாது.

ஆகவே வித்தெல் கம்பெனி தண்ணீரை விட்டு வயலுக்குப் போனது. 'அக்ரிவேர்' என்று தனி நிறுவனம் தொடங்கி, பண்ணைக்காரர்களோடு வருடக்கணக்கில் பேசியது. மக்காச்சோளத்தையும் பூச்சிமருந்தையும் கைவிட வேண்டும். மாட்டுச்சாணத்தை மக்கவைத்துத்தான் போட வேண்டும். பதிலுக்கு உதவித்தொகை, கொட்டகைக்குச் செலவு, கம்பெனி வாங்கிய நிலத்தை இலவசமாக உழுதுகொள்ளும் உரிமை. ஒப்பந்தம் 18 முதல் 30 வருடம் வரை. விளம்பரத்துக்குச் செய்தது என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வியாபாரக் கணக்குதான், ஆனால் மண்ணுக்கும் நல்லதாகப் போனது.

இனி மகளின் பக்கம். எந்தச் சட்டத்துக்குப் பயந்து வயலுக்குப் போனார்களோ, அதே சட்டத்தைப் பின்னாளில் ஆலைக்குள் மீறினார்கள். சில மினரல் நீர்களுக்குக் கிருமி கொல்லும் புறஊதா விளக்கும் கரி வடிகட்டியும் பயன்படுத்தியதை, வித்தெலின் உரிமையாளரான நெஸ்லே 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அந்த வருடம் செப்டம்பரில், வோஜ் பகுதியில் அனுமதி இல்லாத கிணறுகளும் சேர்ந்த இந்த விவகாரத்தில், 20 லட்சம் யூரோ அபராதம் கட்டி அரசுத் தரப்போடு சமரசம் செய்துகொண்டது. உடம்புக்குக் கெடுதல் வந்ததாக அதில் சொல்லப்படவில்லை. ஆனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்தது 'தொடாத தண்ணீர்' என்ற ஒரே வாக்குக்குத்தானே!

இன்னொன்று. அதே ஊரின் ஆழ்நிலத்தடி நீர்மட்டம் பல வருடமாக இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி உறிஞ்சட்டும், ஊராருக்கு வேறு இடத்திலிருந்து குழாய் போட்டுத் தரலாம் என்று ஒரு திட்டம்கூட வந்தது! மக்கள் கொதித்தெழ, 2019இல் கைவிட்டார்கள். மேலே வயலைக் காப்பாற்றியவர்கள், கீழே அளவைக் கவனிக்கவில்லை.

சரி, வாங்குவதா வேண்டாமா? போத்தலைத் திருப்பிப் பாருங்கள், லிட்டருக்கு 240 மில்லிகிராம் அளவில் கால்சியம் போட்டிருக்கும். கால்சியம் கூட்டச் சொல்லி மாமியின் டாக்டர் சொல்லியிருந்தால் அவருக்கு மட்டும் வாங்குங்கள். மற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்புக்குக் குறைவே இல்லை, கெட்டில் அடியில் படியும் வெள்ளை சொல்லும். குளோரின் வாடை பிடிக்காவிட்டால் ஒரு ஜாடியில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், போய்விடும். உங்கள் முதுகும் பிழைக்கும்.

கேள்வி: பெரியே என்ற குமிழித் தண்ணீரின் போத்தல் ஏன் அப்படி வயிறு பெருத்திருக்கிறது? குமிழி இயற்கையானதா?

பதில்: அது கர்லாக்கட்டை! தென்பிரான்ஸில் வெர்ஜேஸ் ஊரின் ஊற்றை டாக்டர் லூயி பெரியேயிடமிருந்து 1903இல் வாங்கியவர் ஹார்ம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர். கார் விபத்தில் முடங்கியபின் இந்தியக் கர்லாக்கட்டை சுற்றி உடற்பயிற்சி செய்தார். அந்த வடிவமே போத்தலானது என்பார்கள்.

குமிழி விஷயத்தில் பாதி உண்மை. தண்ணீரையும் வாயுவையும் தனித்தனியே எடுத்து, ஆலையில் சேர்த்தார்கள். 1990இல் போத்தல்களில் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டு 16 கோடி போத்தல்களைத் திரும்பப் பெற்றபோதுதான் இது ஊருக்கே தெரிந்தது. வாயுவைச் சுத்தப்படுத்தும் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாததுதான் காரணம். ஊற்றிலேயே குமிழியோடு வருகிறது என்று தோன்றும்படி இருந்த லேபிள் வாசகத்தை அதன்பின் பிரிட்டனில் மாற்ற வேண்டியதாயிற்று.