தென்காசின்னா குற்றாலத்துக்கு பஸ் மாறுற இடம் மட்டும் தானா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

நான் சென்னைல இருக்கேன். வருஷா வருஷம் சீசனுக்கு குடும்பத்தோட குற்றாலம் வர்றோம். ஒவ்வொரு தடவையும் தென்காசில தான் இறங்குறோம், ஆனா அந்த ஊர்ல ஒரு மணி நேரம் கூட இருந்ததில்ல. டிராபிக், லாட்ஜ், பரோட்டா கடை, தூரத்துல ஒரு கோபுரம், அவ்வளவு தான் கண்ணுல பட்டது. நீங்க அந்தப் பக்கத்து ஆளுங்கறதால கேக்குறேன், அந்த ஊருக்குன்னு தனியா ஒரு சரித்திரம், ஒரு குணம் இருக்கா? திருநெல்வேலில இருந்து பிரிச்சு தனி மாவட்டம் ஆக்குற அளவுக்கு அங்க என்ன இருக்கு? தப்பா நினைச்சுக்காதீங்க.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பா நினைக்க ஒண்ணுமில்ல, குற்றாலத்துக்கு வர்றவங்க முக்கால்வாசி பேர் தென்காசிய அப்படித் தான் தாண்டிப் போறாங்க. அதனாலயே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல மலையப் பாக்கணும். பாலக்காட்டு கணவாய்க்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் சுவர் மாதிரி நிக்குது, செங்கோட்டை - ஆரியங்காவு கிட்ட மட்டும் நல்லா தணிஞ்சு ஒரு வழி விடுது. தென்காசியோட எல்லாமே அந்த வழியா வந்தது தான்னு நான் சொல்லுவேன், காத்து, சாரல், வியாபாரம், ரயில், படை, எல்லாம். ஆனி ஆடில கேரளால மழை கொட்டுறப்ப அதோட மிச்சம் அந்த இடைவெளி வழியா இந்தப் பக்கம் தூத்தலா வந்து விழுது, வெயிலும் அடிக்கும் சாரலும் விழும், காத்து ஆளையே தள்ளும். அதே நேரத்துல கிழக்கால ஆலங்குளம் பக்கம் போனீங்கன்னா வெறும் காத்து மட்டும் தான், தரை காஞ்சு கெடக்கும். அப்புறம் ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு மழையும் வரும். அதனால தான் சிற்றாத்து பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு.

இப்ப ராஜாக்களுக்கு வருவோம். பாண்டியர்னு சொன்னா எல்லாருக்கும் மதுரை தான் ஞாபகம் வரும். ஆனா 1311ல மாலிக் காபூர் படையெடுப்பு, அப்புறம் சுல்தான் ஆட்சி, அப்புறம் விஜயநகரம்னு மதுரை கைமாறிப் போனதுக்கு அப்புறமும் பாண்டிய வம்சம் அழிஞ்சு போகல. தெற்க நகர்ந்து வந்து, தென்காசிய தலைநகரமா வச்சு, 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும் விஜயநகரத்துக்கும் நாயக்கர்களுக்கும் அடங்கின சின்ன ராஜாக்களா இருந்தாங்க. பாடப் புத்தகத்துல இது ரெண்டு வரி கூட வர்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம். ஜெயிச்ச காலத்த மட்டும் தான் சரித்திரம்னு சொல்லிக் குடுக்குறோம்.

அந்த வரிசைல 1422ல பட்டத்துக்கு வந்தவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். நீங்க தூரத்துல பாத்த அந்த கோபுரம் அவர் ஆரம்பிச்ச காசி விசுவநாதர் கோயிலோடது. காசிக்கு கிளம்பின பக்தர்கள் போய்ச் சேர முடியாம வழிலயே செத்துப் போறாங்க, அதனால சிவன் ராஜா கனவுல வந்து எறும்பு ஊர்ற வரிசைய பின்னாலயே போ, அது முடியிற எடத்துல எனக்கு கோயில் கட்டுன்னு சொன்னாராம், இது தல புராணம். கல்வெட்டு சொல்றது 1446ல கோயில் வேலை ஆரம்பிச்சதுன்னு. பெரிய கோபுரத்த அவரால முடிக்க முடியல, அவர் தம்பி குலசேகர பாண்டியன் தான் கட்டி முடிச்சது. பின்னாடி அந்த கோபுரம் சிதைஞ்சு போய் ரொம்ப காலம் மொட்டை கோபுரமா நின்னுச்சு, இப்ப நீங்க பாக்குற ஒன்பது நிலை 1990ல திரும்ப எழுப்பி கும்பாபிஷேகம் பண்ணது.

அந்தக் கோயில்ல பராக்கிரம பாண்டியனோட கல்வெட்டுப் பாட்டுங்க இருக்கு. அதுல ஒண்ணு என்ன சொல்லுதுன்னா, இந்தக் கோயிலுக்கு என்னைக்காவது ஒரு குறை வந்தா, அப்ப வந்து அத சரி பண்ணி காப்பாத்துறவங்க யாரா இருந்தாலும் சரி, அவங்கள ஊரறிய இப்பவே நான் கும்பிட்டுக்கறேன், பராக்கிரம பாண்டியனாகிய நான். யோசிச்சுப் பாருங்க. கல்வெட்டுல ராஜாக்கள் பெரும்பாலும் எழுதி வைக்கிறது இத அழிச்சவன் கங்கைக் கரைல காராம்பசுவ கொன்ன பாவத்துல போவான்ங்கற சாபம் தான். இவர் சாபம் விடல. பொறக்கவே பொறக்காத யாரோ ஒருத்தர் கால்ல விழுறார். மதுரை போனத பாத்த வம்சம் அது, எதுவும் நிலைக்காது, இந்தக் கல்லும் ஒரு நாள் சரியும்னு தெரிஞ்சு தான் அவர் எழுதினார்னு நான் நினைக்கிறேன். அந்த கும்பிடு மொட்டை கோபுரத்த திரும்ப கட்டினவங்களுக்கும் சேத்து தான். தமிழ்நாட்டுல ஒரு ராஜா பேசினதுல என்னய ரொம்ப பாதிச்சது இது தான்.

அதே வம்சத்துல வந்தவர் தான் அதிவீரராம பாண்டியன். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே வெற்றி வேற்கை, அது அவர் எழுதினது. நாடு சுருங்கச் சுருங்க அந்த ராஜாக்கள் தமிழ்ப் பக்கம் போனாங்க. ராஜ வம்சம் மட்டும் இல்ல, தக்கலைல அடங்கியிருக்குற சூஃபி ஞானி பீர்முகமது அப்பா இருக்காங்கல்ல, அவங்க பொறந்தது தென்காசில தான். தறி நெசவு தொழில், பாடினதெல்லாம் ஞானப் பாட்டு. இன்னைக்கும் தக்கலைல அவங்க ஆண்டு விழா ராத்திரில ஞானப்புகழ்ச்சிய கூட்டமா உக்காந்து பாடுறாங்க. தென்காசி, கடையநல்லூர் பக்கமெல்லாம் முஸ்லிம் ஜனங்க நெறைய, தலைமுறை தலைமுறையா தறியும் வியாபாரமுமா இருந்தவங்க. ஊரோட குணம்னு கேட்டீங்களே, இதெல்லாம் கலந்து தான் அது.

அப்புறம் எல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோட சேர்ந்தது. தென்காசில இருந்து எட்டு கிலோமீட்டர் கூட இருக்காது. இந்தப் பக்கம் வெள்ளக்காரன் ஜில்லா, அந்தப் பக்கம் மகாராஜா சீமை, சக்கரம் பணம்னு காசு வேற, அஞ்சல்னு தபாலே வேற. பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊருங்க ரெண்டு சீமையா இருந்திருக்கு. வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், வேலை பாத்தது திருவிதாங்கூர் வன இலாகால, 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சில கலெக்டர் ஆஷை சுட்டார். மாநிலம் பிரிச்சப்ப செங்கோட்டை தாலுகாவையே ரெண்டா வகுந்து, கிழக்க இருந்தது மதராஸ் மாநிலத்துக்கு வந்துச்சு, ஆரியங்காவு மாதிரி மலைப் பக்கம் கேரளாவுலயே நின்னுருச்சு.

கோடு போட்டாலும் போக்குவரத்து நிக்கல. 1904ல மலைய குடைஞ்சு கொல்லம் - செங்கோட்டை ரயில் ஓட ஆரம்பிச்சுச்சு. 2010ல அகலப் பாதை வேலைக்காக நிறுத்தினாங்க, 2018ல தான் திரும்ப விட்டாங்க, எட்டு வருஷம் அந்தத் தடத்துல ரயில் இல்லாம இருந்தது இந்த ஜனங்களுக்கு பெரிய குறை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டு காய்கறி லோடு லோடா கேரளாவுக்கு போகுது, அங்கேருந்து வர்ற மரம் பிரானூர் மில்லுல அறுபடுது, கார்த்திகை மார்கழில ஐயப்ப சாமிங்க கூட்டம் கூட்டமா இந்த வழி தான். நெல்லைத் தமிழ்ல அண்ணாச்சின்னு ஆரம்பிச்ச கடைக்காரர் அடுத்த ஆள்கிட்ட சாதாரணமா மலையாளத்துல பேசுவார், யாரும் அத ஒரு விஷயமாவே எடுத்துக்க மாட்டாங்க. வர்றவங்க போறவங்களோட பழகிப் பழகி வந்த நிதானம் அது. எனக்கு இந்த ஊர்ல ரொம்ப பிடிச்சதும் அது தான்.

மாவட்டம் பத்தி கேட்டீங்க. 2019 நவம்பர் 22ல தனி மாவட்டம் ஆச்சு. செங்கோட்டைல இருக்குறவர் ஒரு கையெழுத்துக்கு கலெக்டர் ஆபீஸ் போகணும்னா அறுபது கிலோமீட்டருக்கு மேல திருநெல்வேலி போகணும், கூலி வேலை பாக்குறவருக்கு அது ஒரு நாள் சம்பளம் போச்சு. பிரிச்சது நியாயம் தான், லேட்டுன்னு வேணா சொல்லலாம். பெரிய ஊருக்குப் போனா தான் வேலைங்கறதும் கொஞ்சம் மாறுது, பக்கத்துல மத்தளம்பாறைல ஜோஹோ 2011ல ஆபீஸ் போட்டாங்க, கிராமத்துப் பசங்க அங்க உக்காந்து சாஃப்ட்வேர் எழுதுறாங்க. ஆனா சீசன் கூட்டத்துக்கு ஏத்த ரோடும் குப்பை அள்ற ஏற்பாடும் இன்னும் போதல, அருவிக்கு வர்ற நாமளும் சோப்பு ஷாம்பு பாக்கெட்ட ஆத்துல விட்டுட்டு தான் போறோம். அந்த சிற்றாத்து தண்ணி தான் கீழ வயலுக்கும் போகுது, சீவலப்பேரி கிட்ட தாமிரபரணில சேருது.

அடுத்த தடவை வர்றப்ப ஒரு நாள் கூட்டி லீவு போடுங்க. காலைல கோயில், கோபுர வாசல்ல அடிக்கிற காத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, பாண்டியன் பாட்டு எங்க இருக்குன்னு உள்ள விசாரிச்சுப் பாருங்க. அப்புறம் இலஞ்சி குமாரர் கோயில், பண்பொழி திருமலை. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா செங்கோட்டைல இருந்து புனலூர் வரைக்கும் ரயில்ல போங்க, பகவதிபுரம் தாண்டினதும் வர்ற குகையில இருந்து வெளிய வந்தா கேரளா. பிள்ளைங்களுக்கு ஜன்னல் சீட் குடுங்க.

அன்புடன்