ஒரே கதையைத் திரும்பப் படமாக எடுக்கும்போது, சமூகத்தின் பார்வை மாறியிருப்பது அதில் தெரியுமா?

நன்றாகவே தெரியும். ஆனால் அதைக் கதையில் தேடாதீர்கள், கதை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். யாரை நடிக்க வைத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற ஹாலிவுட் இசைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 1961 படத்தில் புவேர்ட்டோ ரிக்கோ (அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவு) பெண் மரியாவாக வந்தவர் நடாலி வுட். அவருடைய பெற்றோர் ரஷ்ய வழியினர். நிஜமாகவே புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து அதே படத்தில் நடித்த ரீட்டா மொரேனோவுக்குக்கூட (கொடுமையைப் பாருங்கள்) முகத்தில் கருமை பூசினார்கள். 2021இல் அதைத் திரும்ப எடுத்த இயக்குநர் ஸ்பீல்பெர்க், புவேர்ட்டோ ரிக்கோ பாத்திரங்களுக்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையே தேடிப் பிடித்தார். ஸ்பானிய வசனங்களுக்கு சப்டைட்டிலும் போடவில்லை. புரியாதவர்கள்தான் முயன்று புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ரீமேக் என்றாலே முன்னேற்றமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தி 'பிங்க்' (2016) தமிழில் 'நேர்கொண்ட பார்வை' (2019) ஆனபோது, பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்ற வாதம் அப்படியே வந்தது. கூடவே, அந்த வாதத்தை வைக்கும் நாயகனான வழக்கறிஞருக்கு ஒரு சண்டைக் காட்சியும், மனைவியோடு ஒரு ஃப்ளாஷ்பேக் பாட்டும் வந்து சேர்ந்தன. நான் பார்த்த தியேட்டரில் விசில் பறந்தது அந்தச் சண்டைக்குத்தான்.