வாசகர் கேள்வி: பெரியாரும் ராஜாஜியும்

கேள்வி: 1950களில் பெரியார் சிங்கப்பூர் வந்தபோது அவர் பேச்சைக் கேட்டவர் என் தாத்தா. மேடைதோறும் ராஜாஜியைச் சாடிய பெரியார் அவருக்கு நண்பராகவும் இருந்தார் என்பதற்குக் கடிதச் சான்று உண்டா? — வாசகி, தோ பாயோ

பதில்: உண்டு. ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த பெரியாரும் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் காங்கிரசில் நெருங்கிப் பழகினர். பின்னர் 1938 இந்தி எதிர்ப்பின்போது ராஜாஜியின் அரசே பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது. 1953இல் முதலமைச்சராக ராஜாஜி கொண்டுவந்த, ‘குலக்கல்வி’ எனப்பட்ட கல்வித் திட்டம் பகையை இன்னும் கூர்மையாக்கியது. ஆயினும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, சக்கர நாற்காலியில் மயானத்திற்கு வந்த பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.

நீங்கள் கேட்கும் சான்று 1949ஆம் ஆண்டினது. தம்மைவிட வயதில் மிக இளையவரான மணியம்மையாரை மணப்பது குறித்துப் பெரியார் தம் பரம எதிரி எனப்பட்டவரிடமே ஆலோசனை கேட்டார் என்பதே நட்பின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, வயதைச் சுட்டிக்காட்டி, அதில் தமக்கு உடன்பாடில்லை என்று அந்தரங்கமாக எழுதினார். திருவண்ணாமலையில் இருவரும் சந்தித்த செய்தி பரவியதும், திருமண யோசனையே ராஜாஜியுடையது என்று பெரியாரின் திராவிடர் கழகத்தவர் பலர் நம்பினர். திருமணத்தை எதிர்த்தவர்கள் விலகி, அவ்வாண்டு செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கினர். ராஜாஜியின் அக்கடிதத்தைப் பெரியார் வெளியிட்டிருந்தால் ராஜாஜி மீதான அந்தப் பழி நீங்கியிருக்கும். (பெரியாருக்கு அது சாதகமாகவும் இருந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) எனினும், அந்தரங்கம் என்று எழுதியதை வெளியிடலாகாது என்பதே பெரியாரின் மௌனத்தின் முதற் காரணம் என்று கருதுகிறேன், ராஜாஜியும் தம்மைக் காத்துக்கொள்ள அதை வெளியிடவில்லை. இருவரும் மறைந்த பிறகே அக்கடிதம் அச்சேறியது.