மதர்போர்டை மாற்றும் முன் ப்ளோயரை எடுங்கள்: கம்ப்யூட்டர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் பில் போடும் டெஸ்க்டாப் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. காலையில் நன்றாக ஓடும். மதியம் ஆனால் திடீரென்று அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். மாற்றிவிடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். காலையில் ஓடி மதியம் அணைகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். பனியன் கம்பெனியில் காற்றோடு பஞ்சும் பறக்கும். கேபினட்டுக்குள் இருக்கும் ஃபேன் அதை இழுத்து, ப்ராசசர் மேல் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே மெத்தை போட்டதுபோல் அடைத்துவிடுகிறது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் காற்று கீழே இறங்காது. இன்றைய ப்ராசசர்களில் பல 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். அணைவதற்கு முன்னால் மெஷின் மந்தமாகிறதா என்று கவனியுங்கள், அதுவும் இதன் அறிகுறிதான்.

சுத்தம் செய்வது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் வடியும். கேபினட்டைத் தூக்கி வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காற்றை ஊதும் ப்ளோயரால் உள்ளே உள்ள பஞ்சை ஊதித் தள்ளுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது ரொம்ப முக்கியம், காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். வீட்டு வேக்யூம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் சேர்ந்து சிப்பை அடித்துவிடக்கூடும். ஹீட் சிங்க்கில் இறுகிப்போன பஞ்சு காற்றுக்கு வராது, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகக் கிளறி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து காற்று அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு வோல்டேஜ் தங்கியிருக்கும்.

இதற்குப் பிறகும் சூடானால், ப்ராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட் சிங்க்கைக் கழற்றி, பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவுக்கு மேல் போகாமல் புதிதாக வைத்தால் போதும். கழற்றும்போது நேராக இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள், சில ஏஎம்டி மாடல்களில் ப்ராசசரே பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். சூட்டுக்குப் பயந்து கேபினட்டைத் திறந்தே போட்டுவைப்பவர்கள் உண்டு, உங்கள் ஊரில் அது பஞ்சுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். தரையில் வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்பேன், உங்களுக்கு மாதாமாதம் அவசியம். இவ்வளவும் செய்த பிறகும் அணைந்தால், அப்போதும் முதலில் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மதர்போர்டு அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. பழைய காலத்து வீடு. அப்படியே விடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: விடக்கூடாது அம்மா. உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் உள்ள சிறிய கெப்பாசிட்டர்கள் வழியாக எப்போதும் துளிக் கரண்ட் கேபினட்டுக்குக் கசியும், அதை எர்த் வயர்தான் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரசினால் முழு கரண்ட்டும் அதே தகட்டில்தான் வரும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறையாக எர்த் குழி போட்டு வயர் இழுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்து ஒன்றைக் கவனியுங்கள்: செலவு மிச்சம் என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப்போனால் அந்தக் கேபினட்டில் 230 வோல்ட் முழுதாக ஏறி நிற்கும், தொட்டால் உயிர் போய்விடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். எர்த் சரியாகும் வரை வீட்டுப் பிள்ளைகளை அந்த மெஷின் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது, இணையதளங்களும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கின்றன. வைரஸா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைரஸ் இல்லை. மதர்போர்டில் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி மாட்டி, தேதியைத் திருத்துங்கள். தேதி சரியானதும் இணையதளங்களும் திறக்கும்.

கேள்வி: யுபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. புதிது வாங்கவா?
- வாசகர், விருதுநகர்

பதில்: உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள், அதன் ஆயுள் பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான். அப்புறம், லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் நேராகச் சுவர் பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். பேப்பரில் மையை உருக்கி ஒட்டவைக்க அது சூடாகும்போது இழுக்கும் கரண்ட்டை வீட்டு யுபிஎஸ் தாங்காது.